ஸ்டார் கட்டாத வீடு

மாரிகுப்பம்,
10 நவம்பர் 2025

தங்கை ஞானசுந்தரிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கையில் வாங்கியவர்கள் பிரித்துப் பார்த்தே தீருவார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். சுரங்கத்தில் சேர்ந்த நாள் முதல் அது மூடிய நாள் வரை சம்பளத்துக்குக் கட்டைவிரல் வைத்த உன் அண்ணன் ஏனோக். சர்ச் ஹாலில் ஷைலஜா டீச்சர் மாலையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். மழைக்காலத்தில் போய் உட்கார்ந்தேன். முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். சர்ச் சுவரில் இருக்கும் வசனம், பக்கத்து வீட்டு முனிரத்தினத்தின் காலண்டரில் ராகு காலம், கல்லறைத் தோட்டத்தில் நம் டேவிட் மாப்பிள்ளையின் பெயர். பஸ் போர்டு கன்னடத்தில் இருக்கிறது. அதற்கு மட்டும் இன்னும் ஆளைக் கேட்கிறேன்.

கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும், இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் என்றார் டீச்சர். எனக்கு முழங்கால் வலி. தண்ணீர் லாரி வரவில்லை. கரண்ட் போய்ப் போய் வருகிறது. இல்லாத நலத்தை எதற்கு எழுதுவது? விட்டுவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் உன் வீட்டைப் பூட்டி, சாவியை என் வாசலில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேற்று ஃப்ரெடி வந்தான். மாப்பிள்ளையின் அண்ணன் மகன் என்கிற உரிமையில் நேராக உள்ளே வந்து, “மாமா, சித்தி வூட்டு சாவிய கொடுங்க. வாடகை சேரெல்லாம் அடுக்கணும். சித்தி ஒத்துக்கினாங்க” என்றான். சாவி எங்கே வைத்தேனோ தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். கர்த்தர் மன்னிக்கட்டும், சாவி அவன் தலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது.

அவன் சொன்னது உண்மையா? அவன் வாடகைக்கு விடுகிற சேரும் ஷாமியானாவும் ஒரு முறை உள்ளே போனால் வெளியே வராது. பிறகு நீ மாரிகுப்பம் வந்தால் எங்கே இறங்குவாய்?

பதில் எழுது. கை வலிக்கிறது.

அண்ணன் ஏனோக்

*

கே.ஆர்.புரம், பெங்களூரு,
15 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

உன் பெயரில் ஒரு கடிதம் வந்தது. யார் எழுதிக் கொடுத்தது? ஷைலஜா டீச்சரா? உனக்கு இவ்வளவு கோர்வையாக எழுத வராது. எழுதியவர்தான் இதையும் உனக்குப் படித்துக் காட்டுவார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அண்ணன் தங்கை சண்டை தெருவுக்கு வேண்டாம்.

ஃப்ரெடி சொன்னது உண்மை. சாவியைக் கிறிஸ்மஸுக்கு முன்னால் அவனிடம் கொடுத்துவிடு. நான் திரும்பி வரப்போவதில்லை. பூட்டிய வீட்டில் எலி குடியிருப்பதற்கு நாற்காலி இருக்கட்டும்.

நான் சௌக்கியம். பதினோராவது மாடி. கொசு இல்லை. சரத்தும் மருமகள் கரோலினும் காலையில் போனால் இருட்டிய பிறகு வருகிறார்கள். பேச ஆள் இல்லை, அதனால் சண்டையும் இல்லை.

என்ன செய்தேன் என்று தெரியாது என்கிறாய். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகம் வலிக்கிறது.

ஞானசுந்தரி

*

மாரிகுப்பம்,
20 நவம்பர் 2025

ஞானசுந்தரிக்கு,

இந்த வயதில் எழுத்துக் கற்று முதல் கடிதத்தைத் தங்கைக்கு எழுதினால், யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்கிறாய். டீச்சரிடம் காட்டினேன். “இன்னாங்க, உங்க தங்கச்சி எனக்கு சர்டிபிகேட் கொடுத்துட்டாங்களே” என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, சாட்சி தருகிறேன். சிறு வயதில் சர்ச்சில் நான் கீர்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பாடுவேன். எல்லாம் மனப்பாடம். நீ பக்கத்தில் நின்று, பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டி, புத்தகத்தை நேராகத் திருப்பி வைப்பாய். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. டீச்சருக்கு எப்படித் தெரியும்?

இப்போது புத்தகத்தை நேராகத்தான் பிடிக்கிறேன். போன ஞாயிறு பார்த்துப் பாடினேன். மனப்பாடமாகப் பாடியதில் பாதி வார்த்தை தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது வருஷமாகச் சபையே என் பின்னால் தப்பாகப் பாடியிருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அப்படி ஒரு ஆனந்தம். ஆராதனை நடுவில் சிரித்துவிட்டேன். போதகர் ஐயர் முறைத்தார்.

ஃப்ரெடி மறுபடி வந்தான். சாவி இன்னும் கிடைக்கவில்லை என்றேன். “மாமா, மேல ஆணில தொங்கறது இன்னா?” என்றான். அது என் பெட்டிச் சாவி என்று சொல்லிவிட்டேன். இன்னும் எத்தனை பொய் என்னைச் சொல்ல வைக்கப் போகிறாய்?

நான் என்ன செய்தேன்? நேராக எழுது. குத்திக் குத்தி எழுதாதே. குத்தலை எழுத்துக் கூட்டிப் படிப்பது ரொம்பக் கஷ்டம்.

அண்ணன்

*

கே.ஆர்.புரம்,
25 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

தலைகீழ்ப் புத்தகம் நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்படியானால் நீதான் எழுதுகிறாய். நீ எழுதக் கற்றதற்கு முதலில் சந்தோஷப்பட வேண்டியவள் நான். அந்தச் சந்தோஷத்தையும் ஒழுங்காகப் பட முடியாமல் செய்துவிட்டாய்.

நேராகவே எழுதுகிறேன். படி.

டேவிட் இறந்த வருஷம் என் வீட்டில் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டவில்லை. ஸ்டார் இல்லாதது துக்க வீடு, அங்கே பாடுவதில்லை. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல்ஸ் வந்தபோது நீ டிரம்மை நிறுத்தச் சொன்னாய். எல்லோரும் சத்தமில்லாமல் கடந்து போனீர்கள். நம் சுரங்க லைன் வீடுகளில் வழக்கம் அது. நான் உள்ளே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

போன வருஷம் துக்கம் முடிந்துவிட்டது. அச்சுமுறுக்கு சுட்டேன், கேக் வெட்டி வைத்தேன், வருகிறவர்களுக்கெல்லாம் ஆகும்படி பெரிய குண்டானில் டீ போட்டேன். ஸ்டார் மட்டும் கட்டவில்லை. யார் ஏறிக் கட்டுவது? எப்போதும் டேவிட்தான் ஸ்டூல் போட்டு ஏறுவார். நீ கட்டுவாய் என்று காத்திருந்தேன். முந்தின ஞாயிறு வந்தாய். கறிக்குழம்பு சாப்பிட்டாய். ஸ்டார் அட்டைப் பெட்டியோடு கதவோரம் இருந்தது. அதைத் தாண்டித்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

கேரல்ஸ் அன்று முனிரத்தினம் வீட்டு வாசலில் டிரம் நின்றது. பிறகு என் வாசலில் வெறும் காலடிச் சத்தம். உன் இருமல்கூடக் கேட்டது. என் வீட்டைத் தாண்டியதும் டிரம் மறுபடி ஆரம்பித்தது.

முன்னால் போனவன் நீ. எந்த வீட்டில் நிற்பது, எந்த வீட்டைத் தாண்டுவது என்று சொல்கிறவன் நீ. ஒரு வீடு தள்ளி இருக்கிற சொந்தத் தங்கையைச் செத்தவள் போலத் தாண்டிப் போனாய். டீயை எல்லாம் சாக்கடையில் ஊற்றினேன். கிறிஸ்மஸ் முடிந்ததும் பெட்டியைக் கட்டினேன்.

அந்த வாசலில் இனி நான் உட்கார மாட்டேன். சாவியை ஃப்ரெடியிடம் கொடு.

ஞானசுந்தரி

*

மாரிகுப்பம்,
1 டிசம்பர் 2025

ஞானசுந்தரி,

உன் கடிதத்தைப் படிக்க ஒரு பகல் முழுவதும் ஆனது. எழுத்துப் புரியாமல் அல்ல.

நான் டிரம்மை நிறுத்தியது உனக்கு மரியாதை என்று நினைத்து. நீ அப்போதும் வெளுத்த புடவைதான் கட்டிக்கொண்டிருந்தாய். இரண்டாவது வருஷமும் துக்கம் வைக்கிறாள் போலிருக்கிறது, நம் சத்தத்தால் அவளை அழவைக்க வேண்டாம் என்று நானே பையன்களிடம் சொன்னேன். கதவோரம் பெட்டியைப் பார்த்தேன். பழைய செருப்புப் பெட்டி என்று நினைத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? “அண்ணா, இத கட்டு” என்று சொல்ல வேண்டியதுதானே? கதவைத் திறந்து “எங்க போறீங்க எல்லாரும்?” என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அத்தனை பேரும் உள்ளே வந்திருப்போம். கீரைக்காரியிடம் அரை மணி நேரம் பேசுகிற உனக்கு அன்றைக்கு வாய் எங்கே போனது?

எனக்குக் கோபம்தான் வருகிறது. உன்மேலா என்மேலா தெரியவில்லை. அந்தக் கோபத்தோடு நேற்று ஆராதனை முடிந்து நடந்து வந்தேன். கிறிஸ்மஸ் காலம் தொடங்கும் அட்வெந்து முதல் ஞாயிறு, எல்லா வீட்டிலும் ஸ்டார் ஏறியிருந்தது. ஏறாத வீடுகளும் இருந்தன. நின்று பார்த்தேன். இத்தனை வீட்டிலா இந்த வருஷம் சாவு? எனக்குத் தெரியாமலா?

கிணற்றடிப் பக்கத்து டீனம்மா வாசலில் நின்று கேட்டேன்.

“டீனம்மா, வூட்ல இன்னா, துக்கமா?”

“யாருக்குய்யா துக்கம்? குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன், கண்ணு தெரியல?”

“ஸ்டாரு கட்டலியே...”

“கட்ட யாரு கீறாங்க? எம்புள்ள பெங்களூர் வண்டில வந்து வுழுந்து தூங்கறான். போன வருஷமும் நீங்க பேசாம போய்ட்டீங்க. நீதான முன்னால போன பெரிய மனுஷன்?”

முனிரத்தினம் வீட்டு ஏணியை வாங்கிக்கொண்டு போய்க் கட்டினேன். பல்பு எரியவில்லை. வேறு மாட்டினேன். நூல் அறுந்தது. கீழே நின்று, கோணலாக இருக்கிறது, இடது பக்கம் தள்ளு, இல்லை வலது பக்கம் என்று அந்த அம்மாள் என்னை ஆட்டிவைத்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வீட்டில் கேட்டால் அங்கேயும் அதே கதை, ஏற ஆளில்லை.

இதில் இன்னொரு எரிச்சல். இந்த வருஷம் கேரல்ஸ் நடந்து போவதில்லையாம். வேனில் மைக் கட்டி, லைன் முனையில் நின்று இரண்டு பாட்டு, அவ்வளவுதான் என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது. பையன்கள் வேலை முடிந்து ரயிலில் வந்து சேரவே நேரமாகிறதாம். அப்படியானால் நான் யாருக்காக ஏணி ஏறுகிறேன்?

சாவியைக் கொடுக்க மாட்டேன். இனிப் பொய்யும் சொல்ல மாட்டேன். ஃப்ரெடியிடம் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

ஏனோக்

*

கே.ஆர்.புரம்,
6 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

ஏணி ஏறினாயா? அந்த முழங்காலை வைத்துக்கொண்டா? என் வீட்டில் ஒரு ஸ்டூல் ஏற முடியாதவன் ஊர் முழுவதும் ஏணி ஏறுகிறான். விழுந்தால் என்னைக் கூப்பிடாதே.

“சொல்ல வேண்டியதுதானே” என்று எழுதியிருக்கிறாய். கேட்டு வாங்குவதற்குக் கூலிக்காரன் போதும், அண்ணன் எதற்கு?

இங்கே கிறிஸ்மஸ் எப்படி என்று கேள். கீழே வரவேற்பு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் மரம், யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கலகலா சுட்டேன். “மம்மி, இதெல்லாம் இங்க யாரும் சாப்பிட மாட்டாங்க, எல்லாரும் டயட்” என்றாள் கரோலின். இருக்கட்டும் என்று தட்டில் வைத்து, பின்னல் துணி போட்டு மூடி, எங்கள் மாடியில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரு வீட்டில் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, ஆர்டர் செய்யவில்லையே என்றார்கள். இன்னொரு வீட்டில் வாங்கிக்கொண்டு தட்டை அப்போதே வெறுமனே திருப்பிக் கொடுத்தார்கள். எதிர் வீட்டு ராதா இன்னும் மோசம். தட்டும் வரவில்லை, ஒரு வார்த்தையும் வரவில்லை. எதிரில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறாள்.

நம் லைனில் முனிரத்தினம் வீட்டுக்குத் தட்டு போனால் ஒரு பிடி சர்க்கரையாவது இல்லாமல் திரும்பி வந்திருக்கிறதா? இங்கே அவள் கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் தட்டு அது. போய்க் கேட்கவும் மனம் இல்லை.

சாவி என் சாவி. இருபதாம் தேதிக்குள் கொடுத்துவிடு. பிடிவாதம் பிடிக்காதே.

ஞானசுந்தரி

*

மாரிகுப்பம்,
12 டிசம்பர் 2025

ஞானசுந்தரிக்கு,

நீ சொன்னபடியே விழுந்தேன். இப்போது திருப்தியா? கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கிக் கிடக்கிறது. உன்னைக் கூப்பிடவில்லை, கவனி.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த முனிரத்தினம், போகிற யாருக்கோ கும்பிடு போட இரண்டு கையையும் எடுத்துவிட்டான். விழுந்த என்னைத் தூக்கிவிட்டு, மிச்ச வீடுகளுக்குத் தானே ஏறுகிறேன் என்றான். நடுவில் ஒரு சந்தேகம்.

“ஏனோக்கண்ணா, நான் முனீஸ்வரனுக்குக் கெடா வெட்றவன். ஸ்டாரு கட்லாமா?”

“கட்டுடா. ஏணி ஏற்றதுக்கு ஞானஸ்நானமா கேக்கறாங்க?”

நான் கீழே உட்கார்ந்து இடது பக்கம் தள்ளு, வலது பக்கம் தள்ளு என்று சொன்னேன். டீனம்மாவின் சுகம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது கேள். ஃப்ரெடி சாவிக்கு வந்தான். கொடுக்க மாட்டேன் என்றேன். கத்தினான். நானும் கத்தினேன். பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து அழுகிற மாதிரி ஆகிவிட்டான். அவன் குடோன் கூரை மழையில் பெயர்ந்துவிட்டது. ஷாமியானா துணியெல்லாம் ஈரம், அதைக் கொண்டுபோய் வீட்டுப் படுக்கையறையில் போட்டிருக்கிறான், மனைவி மூட்டை கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்கிறாளாம். “நான் இன்னா சித்தி வூட்ட முழுங்கவா போறேன் மாமா? எனக்கு வேற எடம் இல்ல” என்றான். இவ்வளவு நாளும் அவனைத் திருடன் போலப் பார்த்தேனே தவிர எதற்கு என்று கேட்கவில்லை.

அதனால் என் வீட்டிலேயே அடுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நான் ஒரு ஆள், கட்டில் போட இடம் போதும் என்று நினைத்தேன். போதவில்லை. கூரை வரைக்கும் சிவப்பு பிளாஸ்டிக் சேர். ஜன்னல் மறைந்துவிட்டது. வீடு முழுவதும் சேர், உட்கார ஒன்று கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போய்ப் பிரிக்க வரவில்லை. ஈரத் துணி நாற்றம் வேறு. இந்தக் கடிதத்தை வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். போகிற வருகிறவன் எல்லாம், “இன்னாண்ணா, கல்யாணமா?” என்று கேட்கிறான்.

ஃப்ரெடிக்கு இனி உன் சாவி வேண்டாம். கொடு கொடு என்று எழுத உனக்குக் காரணம் இல்லை. கிறிஸ்மஸுக்கு வா.

அண்ணன்

*

கே.ஆர்.புரம்,
17 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

உன்னை யார் கேட்டது? வீங்கின காலோடு சேர் மூட்டைக்கு நடுவில் படுத்துக்கொண்டு, காரணம் தீர்ந்துவிட்டது, வா என்கிறாய். நான் வீட்டை விடுவது ஃப்ரெடிக்கு இடம் இல்லை என்பதற்காகவா? மறுபடி அந்த வாசலில் உட்கார்ந்து, யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. உன் வேன் லைன் முனையோடு போய்விடும். அதைக் கேட்கவா நான் வர வேண்டும்? சரத்துக்கு லீவு இல்லை. தனியாக ரயில் ஏறி வந்து விருந்தாளி போல நிற்க முடியாது.

ராதா விஷயம் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவின் தட்டாயிற்றே என்று நேற்று போய்க் கதவைத் தட்டினேன். நான்கு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று மனதில் தயாராக வைத்திருந்தேன். திறந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. கோலாரில் இருந்த அவள் அம்மா போன மாதம் இறந்துவிட்டாராம். இந்த மாடியில் ஒருவருக்கும் தெரியாது. அவள் தனியாகத்தான் இருக்கிறாள். சமையலறையில் என் தட்டு கழுவித் துடைத்து, துணியைக்கூடத் துவைத்து மடித்து வைத்திருந்தது.

“ஆன்ட்டி, தட்டு சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்வாங்க. கொடுக்க வீட்ல ஏனும்... ஒண்ணும் இல்ல. சக்கரெ கூட இல்ல. கடைக்குப் போக மனசு வரல. உங்கள பாத்தா வெக்கமா இருந்துச்சு” என்றாள்.

அவள் அடுப்பில் ரசம் வைத்து, சோறு வடித்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். இன்றும் போனேன். அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கன்னடத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, தலையை ஆட்டினேன். வெளியே வரும்போது என்னவோ ரொம்ப நாளைக்குப் பிறகு டிசம்பர் மாதம் வந்த மாதிரி இருந்தது.

அவள் கதவைப் பார்த்து எத்தனை தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டு லிஃப்டில் ஏறியிருக்கிறேன்! இதை வைத்துக்கொண்டு எனக்குப் பிரசங்கம் செய்யாதே. உனக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை.

காலுக்கு நொச்சி இலை போட்டுக் கட்டு. சாவியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். யோசித்துச் சொல்கிறேன்.

ஞானசுந்தரி

*

மாரிகுப்பம்,
28 டிசம்பர் 2025

ஞானசுந்தரிக்கு,

போய்ச் சேர்ந்தாயா? இப்போதாவது போனை எடுப்பாள், பேசு என்கிறான் முனிரத்தினம். எனக்கு எழுதத்தான் பிடித்திருக்கிறது. போனில் பேசினால் நீ மட்டும்தான் பேசுவாய்.

சொல்லாமல் கொள்ளாமல் கேரல்ஸ் அன்று சாயங்காலம் ராதாவின் காரில் வந்து இறங்குகிறவர்கள் ஒரு தகவல் கொடுக்கலாம். வந்த காலோடு “இன்னாண்ணா, இது வூடா, குடோனா?” என்று ராதா முன்னால் என்னைக் கிழித்தாய். காலைப் பார்த்துவிட்டு மறுபடி ஒரு பாட்டு. அந்தப் பெண் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தது. அம்மாவை இழந்த பெண் சிரிக்கிறதே என்று நான் திட்டை எல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஃப்ரெடியின் சேரைப் பிரிக்க அந்தப் பெண்ணுக்குத்தான் வந்தது. மேலே உட்கார்ந்து ஆட்ட வேண்டுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு நீ முன்னால் போய்விட்டாய். பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். வேன் முனையில் நின்று இரண்டு பாட்டு பாடியது. மைக் கரகரத்து ஒரு வார்த்தை விளங்கவில்லை. ஸ்டார் கட்டிய வீடுகளில் எல்லாம் கிழவர்களும் கிழவிகளும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். வேன் கிளம்பப் பார்த்தது. அப்போது டீனம்மா போட்ட சத்தம் உனக்கும் கேட்டிருக்கும். “டேய், நான் இங்க நிக்கிறேன், நீங்க அங்க எந்த கம்பத்துக்குடா பாடறீங்க?” பையன்கள் வெட்கப்பட்டு இறங்கினார்கள். முன்னால் யார் போவது என்று என்னைப் பார்த்தார்கள். நான் சேரில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாய். பெண்கள் முன்னால் போவது வழக்கமில்லையே என்று கமிட்டிக்காரர் ஒருவர் முணுமுணுத்தார். உனக்குக் கேட்காதது அவர் செய்த புண்ணியம்.

நான் உன் வாசலில் உட்கார்ந்து டிரம்மைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். எந்த வீட்டில் நிற்கிறீர்கள் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கடைசி வீட்டில் டிரம் நின்றது. அது சரிதான், அந்த வீட்டுப் பெரியவரின் மனைவியை ஆகஸ்டில் அடக்கம் செய்தோம், துக்க வீடு. தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கும் என்று காத்திருந்தேன். ஆரம்பிக்கவில்லை. நேரம் போகிறது, ஒரு சத்தமும் இல்லை. எழுந்து வர முடியாமல் தவித்துப்போனேன். முனிரத்தினம் ஓடி வந்து சொன்னான்.

“அண்ணா, தங்கச்சி கதவ தட்டிட்டாங்க! அந்த ஆளு, பாட வேணாம்மா, உள்ள வந்து உக்காருங்கன்னு சொல்லிட்டாரு. எல்லாரும் உள்ள உக்காந்துக்கினு கீறாங்க. டிரம்ம மடில வச்சிக்கினு டீ குடிக்கறாங்க. அவரு பொண்டாட்டி கதைய சொல்லிக்கினு கீறாரு.”

ஐம்பது வருஷம் நான் முன்னால் போயிருக்கிறேன். அந்த மாதிரி வீட்டுக் கதவை நான் தட்டியதில்லை. இதை எழுதக் கை கொஞ்சம் தயங்கியது. எழுதிவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. நீ போட்ட டீயில் சர்க்கரை அதிகம் என்று நான் சொன்னதற்கு, “இந்த வருஷமாவது குடிக்க வந்தியே” என்று அத்தனை பேர் நடுவில் கேட்டாய். இரண்டு டம்ளர் குடித்தேன். மூன்றாவதும் ஊற்றினாய். உனக்கும் எனக்கும் தீர்ந்ததா இல்லையா என்று நீ சொல்லவே இல்லை. காரில் ஏறும்போது கேட்கலாம் என்று நொண்டிக்கொண்டு வந்தேன். கதவைச் சாத்திக்கொண்டாய்.

நீ போன பிறகு ஆணியைப் பார்த்தேன். உன் வீட்டுச் சாவி இல்லை. ஃப்ரெடிதான் எடுத்தான் என்று அவனைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டிவிட்டேன். பாவம், அவன் கர்த்தர் பேரில் சத்தியம் செய்தான். பிறகுதான் முனிரத்தினம் சொல்கிறான், நீ கிளம்பும்போது ஆணியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாய் என்று. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுக்க மாட்டாயா? ஃப்ரெடி என்னோடு பேசவில்லை. அவன் சேர் மட்டும் இங்கேயே இருக்கிறது.

இன்று காலை காற்றில் உன் வீட்டுக் கூரை ஷீட் ஒன்று தூக்கிக்கொண்டது. உள்ளே போய்த்தான் முடுக்க வேண்டும். என்னிடம் சாவி கிடையாது. நீதான் வந்து திறக்க வேண்டும்.

எந்த ரயில் என்று எழுது.

அண்ணன் ஏனோக்